டூட்டி சார்ட் யார் கையில்?

"நர்ஸ்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை, கொஞ்சம் கூடக் கிடைத்தால் போய்விடுகிறார்கள்" என்று மருத்துவமனை நிர்வாகங்கள் புலம்புவது வழக்கம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை, எங்கள் பகுதியில் நர்சிங் படித்த பெண்களைக் கேளுங்கள். வேறு கதை வரும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்த வீடு, வேலை போனால் தாங்காது. அப்படியும் விடுகிறார்கள் என்றால் காரணம் சம்பளம் மட்டுமாக இருக்க முடியாது.

திருவொற்றியூரில் எங்கள் தெரு அக்கா ஒருவர் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே டூட்டி சார்ட் இன்சார்ஜ் சிஸ்டரின் நோட்டுக்குள்ளேயே இருக்கும். நைட் டூட்டி யாருக்கு, லீவு யாருக்கு என்பது முந்தைய நாள்தான் தெரியும். மலம், வாந்தி துடைக்கும் வேலை என்றால் முதலில் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்க ஏரியா பொண்ணுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானேம்மா" என்று பதில் வந்தது. சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"வேலைக்கு நான் அசிங்கப்படல தம்பி. எல்லாரும் முறை போட்டுச் செஞ்சா நானும் செய்வேன்" என்றார் அக்கா. இரண்டே ஆண்டில் விலகினார். இப்போது சம்பளம் குறைவான வேறொரு இடத்தில் ஆறாவது ஆண்டாக இருக்கிறார். அங்கே சார்ட் மாதத் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டப்படுகிறது. ஆள் குறைந்தால் ஹெட் நர்ஸே வார்டுக்குள் வந்து வேலை செய்கிறார்.

1983-ல் அமெரிக்க நர்சிங் அகாடமி வெளியிட்ட ஆய்வு ஒன்று, பற்றாக்குறைக் காலத்திலும் நர்ஸ்களைத் தக்கவைத்த 41 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. எளிதில் அணுகக்கூடிய தலைமை, முடிவுகளில் நர்ஸ்களுக்கும் பங்கு, போதுமான ஆட்கள் ஆகியவை அங்கே பொதுவாக இருந்தன. அக்காவின் அனுபவமும் அதையேதான் சொல்கிறது.

ஆனால் தலைமையை வெறும் குணமாகப் பார்த்தால் பாதிதான் புரியும். தமிழக அரசு 2015-ல் ஆயிரக்கணக்கான நர்ஸ்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. இரண்டாண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாமல், 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களில் 2,400-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர், மேலே இருப்பவரிடம் எப்படி வாய் திறப்பார்? அந்தப் பயம்தான் மோசமான தலைமைக்குப் பலம்.

சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார் அண்ணல் அம்பேத்கர். மருத்துவமனையிலும் படிகள் உண்டு. நிரந்தர நர்ஸுக்குக் கீழே ஒப்பந்த நர்ஸ், அவருக்கும் கீழே தூய்மைப் பணியாளர். மேலிருந்து வாங்கிய ஏச்சைக் கீழே இறக்கிவிடுவதற்குப் பெயர் தலைமை அல்ல. நாளை நம் பிள்ளைகள் ஹெட் நர்ஸ் ஆகும்போதும் இது பொருந்தும்.

எனவே பணி நிரந்தரத்தோடு வெளிப்படையான டூட்டி சார்ட்டையும், சுழற்சி முறையையும் நம் கோரிக்கைகளில் சேர்ப்போம். வேலைக்குப் போகும் நர்சிங் தோழர்களே, நேர்காணலில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: இங்கே டூட்டி சார்ட்டை எங்கே ஒட்டுவீர்கள்?