தொலைவு என்னும் அரண்

மாமல்லபுரக் கடற்கரைக்கும் காஷ்மீரத்துக்கும் இடையே 2000 கிலோமீட்டருக்கும் மிகுந்த தொலைவு. அத்தொலைவே நமக்கு அரண் என எண்ணியிருந்தேன்.

2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் பயங்கரவாதிகள் 26 உயிர்களைப் பறித்தனர். மே 7 அதிகாலை, நம் படையினர் எல்லைக்கு அப்பால் ஒன்பது இடங்களைத் தாக்கினர். அன்றே மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பேத்தி கேட்டாள்: "நன்னா, சண்டை இங்கேயும் வருமா?"

"வராதம்மா" என்றேன். ஆனால் வந்தது, கைப்பேசி வழியே வந்தது.

எல்லையோரப் பூஞ்ச் நகரில் பாகிஸ்தானின் பீரங்கிக் குண்டுக்குப் பலியான மதரஸா ஆசிரியர் ஒருவரைப் பயங்கரவாதி என்று சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. கேட்ட நானும் நம்பினேன். நண்பர் இருவரிடம் சொல்லியும் விட்டேன். பின்னர் காவல்துறை அதனை மறுத்தது. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த அம்மனிதரின் மீது நானும் ஒரு கல் எறிந்திருந்தேன்.

ஆளில்லா விமானங்களைத் தடுப்பது படையினர் பொறுப்பு. பொய்யைத் தடுப்பதோ, திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் பொறுப்பு. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அன்று நான் அதை மறந்தேன், நீங்கள் மறவாதிருங்கள்.