மாவு வாங்க எந்தக் கார்டு வேணும்?

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் எந்த மாதம் போட்டாலும் ஆட்கள் திறந்து படிக்கிற தலைப்பு ஒன்று உண்டு. ‘கர்ப்பிணிகளுக்கு ரூ.18,000... யாருக்குக் கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது?’ அது வெளியானதும் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு போன் வரும். இந்த முறை வந்தது செங்கல்பட்டு அண்ணியிடமிருந்து. ஐந்தாவது மாதம். பணத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், “பால்வாடியில பேர் கொடுத்தீங்களா அண்ணி?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லாதவங்களுக்குப்பா. நாம வாங்கினா அவங்களுக்குக் குறைஞ்சிடும்ல?”

நல்ல மனசு. ஆனால் கணக்கு அப்படி இல்லை. பதிவான பெயர்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் அங்கன்வாடிக்கு மாவு வருகிறது. அண்ணி விலகி நிற்பதால் யாருக்கும் ஒரு பாக்கெட் கூடக் கிடைக்கப்போவதில்லை.

அதே வாரம் வேறு ஒரு செய்திக்காக மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தேன். அங்கே கைக்குழந்தையோடு இருந்த ஓர் அக்கா சொன்னது இதற்கு நேரெதிர். “எங்களுக்கு ரேஷன் கார்டு இன்னும் பிரிக்கல தம்பி, மாமியார் கார்டுலதான் இருக்கோம். இது மூணாவது புள்ள வேற. அதான் மாவு வாங்கப் போகல.”

இரண்டுமே தவறு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கியது. வறுமைக்கோட்டை வைத்து இதில் ஆள் பிரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டுவிட்டது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாகவே எழுதி வைத்தது. கர்ப்பிணிக்கும், பிரசவம் ஆகி 6 மாதம் வரை தாய்க்கும், அதன் பிறகு 6 வயது வரை குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு. கார்டின் நிறம், சம்பளம், எத்தனையாவது பிரசவம் எதுவும் இதில் கிடையாது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த 18,000 ரூபாயிலிருந்து. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயோடு தொடங்கியது. இன்றைக்கு 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. இதற்குத்தான் 19 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்கிற நிபந்தனைகள். நர்சம்மாவிடம் பிக்மி நம்பர் வாங்க வேண்டும். மூன்றாவது குழந்தைக்குப் பணம் இல்லை என்று கேள்விப்பட்டவர்கள், மாவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குக் கேட்டால், அடுத்தடுத்துப் பெற்று ரத்தம் குறைந்து கிடப்பவருக்குத்தான் இரண்டுமே முதலில் போக வேண்டும். அதை எழுதினால் தலைப்பு யாரும் திறக்கிற மாதிரி அமையாது, அது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அப்படியும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இங்கே 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். மையம் தெருமுனையில் இருப்பதும், அதன் வாசலைத் தாண்டுவதும் ஒன்றல்ல.

இந்த வட்டாரத்துக்கு அது நன்றாகவே தெரியும். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடவில்லை என்று பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ நினைவிருக்கலாம். அமைச்சர் சேகர்பாபு வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். நவம்பர் 4, தீபாவளி அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் கொடுத்தார். அன்னதானத்துக்கு எந்தச் சான்றும் தேவையில்லைதான். ஆனால் கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்களைத்தான் எல்லா வாசலிலும் சுலபமாக எழுப்பி அனுப்ப முடிகிறது.

செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு போகிற இருளர்களுக்கு இன்னொரு சிக்கல். பெயர் ஊரில் இருக்கும், குழந்தை சூளையில் இருக்கும். போன இடத்து அங்கன்வாடிக்குப் பெயரை மாற்றிக்கொள்ள போஷன் டிராக்கர் செயலியில் வழி இருக்கிறது. அதைச் சூளைக்கு வந்து சொல்ல ஆள் வேண்டும்.

2025 ஜூலை முதல் மாவு வாங்கக் கட்டாயமாகியிருக்கிறது முக அடையாளம். முதலில் ஆதார் சரிபார்ப்பு, அதற்கு ஓடிபி. குழந்தைக்கு ஆதார் இல்லாவிட்டால் அம்மாவுடையது போதும். குப்பத்தில் பல பெண்களின் ஆதாரில் இருப்பது கணவரின் போன் நம்பர். விடியற்காலை படகு கிளம்பும்போது போனும் கடலுக்குப் போய்விடும். ஓடிபி அங்கே போகும். “பத்து நிமிஷத்துக்குள்ள கரைக்கு நீந்தி வந்தா உண்டு” என்று சிரித்தார் டீச்சர். திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். தடுக்கட்டும். ஆனால் சிக்னல் இல்லாத நாளில் மாவு இல்லாமல் திரும்பிப் போவது திருடன் இல்லை.

அந்த அக்காவை நான்தான் டீச்சரிடம் கூட்டிப் போனேன். பெயர் எழுத ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அடுத்த நாள் படகு போகாத நாள், வீட்டுக்காரரும் போனோடு வந்தார். வேப்பமரத்தடியில்தான் டவர் கிடைக்கும். “கண்ணைச் சிமிட்டும்மா... இன்னொரு தடவை” என்று டீச்சர் போனைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாவது முறை பச்சை விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து டீச்சருக்கு போன் செய்தபோது அக்கா அங்கேதான் இருந்தார். மாவு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“வெல்லம் போட்டதுதானே, நல்லாதான் இருக்கு. உருண்டை பிடிச்சு பெரியவங்க ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டேன்.”

“நீ சாப்பிட்டியா?” டீச்சரின் குரல் பின்னாலிருந்து கேட்டது. “அது உனக்குக் கொடுத்ததும்மா.”