லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே

குதிரையின் காலில் அடிக்கும் இரும்புக்கு மலாயில் என்ன பெயர் என்று உங்கள் மலாய் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். 'லாடாம்' என்பார். நம்முடைய லாடம்தான். கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது, பெட்டி 'பெத்தி' ஆனது என்று வானொலியில் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தச் சொல்லும் நம்மிடமிருந்து போனதுதான் என்று தெரிய வந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு மொழி இன்னொரு மொழியிடம் கடைக்கும் கப்பலுக்கும் பெயர் வாங்குவது சரி. மாட்டுக்கும் குதிரைக்கும் போடும் செருப்புக்கும் பெயர் வாங்கியிருக்கிறது என்றால், அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இங்கே வந்து போயிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1881இல் முதலில் தீ, பிறகு வெள்ளம் என்று கோலாலம்பூர் ஒரே ஆண்டில் இரண்டு முறை அழிந்தது. இனி ஓலையும் பலகையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும்தான் என்று முடிவானபோது சூளைகள் எழுந்த இடம் இது. அந்தக் காலத்தில் செங்கல் சுமக்க லாரி ஏது? மாட்டு வண்டிதான். வண்டி மாடு என்றால் லாடமும் உண்டு. மாட்டுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு சின்னத் தகடு, நாலு காலுக்கும் எட்டு. குதிரையைப் போல மூன்று காலில் நின்று ஒரு காலைத் தூக்கிக் கொடுக்க மாட்டுக்கு வராது. கயிறு போட்டுச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டித்தான் அடிப்பார்கள். தமிழ்நாட்டுச் சந்தைகளில் இதைப் பார்த்தவர்களுக்கு, போலீஸ்காரர் சினிமாவில் "லாடம் கட்டிடுவேன்" என்று மிரட்டுவது எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் மாடு இல்லை. பூக்கடை, சாப்பாட்டுக் கடை, கேஎல் சென்ட்ரலுக்கு ஓடும் கூட்டம், அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஜாலான் இஸ்தானாவில், 2011 வரை குதிரைகள் நின்றன. 1928இல் சான் விங் என்ற சீனச் செல்வந்தர் கட்டிய மாளிகை அது. 1957இல் மாமன்னரின் அரண்மனையானது. வாசலில் சீருடை அணிந்த காவலர் குதிரை மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். என் வயதுக்காரர்களின் வீட்டு ஆல்பத்தில் அந்தக் குதிரையோடு ஒரு படம் இல்லாமல் இருக்காது. பிறகு அரண்மனை ஜாலான் டூத்தாவுக்குப் போனது. அந்தச் சாலைக்கும் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் என்று பெயர் மாறிவிட்டது. பழைய மாளிகை அரச அருங்காட்சியகம் ஆகிவிட்டது. குதிரைகள் மட்டும் புது வாசலிலும் நிற்கின்றன, சுற்றுலாப் பேருந்துகளுக்கு எதிரே.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நானும் அங்கே அழைத்துப் போவேன். எல்லோரும் குதிரையின் முகத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். காலைப் பார்ப்பவர் யாரும் இல்லை. ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள ஒரு பிராணி கல் பாவிய தரையில் நாலு நகத்தின் மேல் நிற்கிறது. ஆமாம், குளம்பு என்பது நகம்தான். நம் விரல் நகம் எதனால் ஆனதோ அதே கெராட்டின். மாதத்துக்குச் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். அதனால்தான் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, குளம்பை வெட்டி, அரத்தால் ராவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆணி குளம்பின் வெளிச்சுவரில், உணர்ச்சி இல்லாத பகுதியில்தான் இறங்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போனால் நகக்கண்ணில் ஊசி ஏறியது மாதிரி.

குளம்பைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று பெயர். பெயர் வேடிக்கை, வேலை பெரியது. அதுவும், அதற்கு மேலே உள்ளே இருக்கும் மெத்தை போன்ற திசுவும்தான் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கின்றன. காலை ஊன்றும்போது குளம்பு லேசாக விரியும், எடுக்கும்போது சுருங்கும், அந்த அசைவில் இரத்தம் மேலே தள்ளப்படும். இயற்கை இதையெல்லாம் புல்தரைக்காகச் செய்து வைத்தது. நாம் அதன் கீழே இரும்பை அடித்து, இரும்பின் கீழே தாரைப் போட்டோம். இரும்பு குளம்பு தேய்வதைத் தடுக்கும், ஆனால் அதிர்ச்சியை வாங்காது. மழை பெய்த தார், மஞ்சள் வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடி இவற்றின் மேல் இரும்பு வழுக்கும்.

இந்த இடத்தில்தான் 'பேட்' வருகிறது. லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் ஒரு மெத்தை. தோல், ரப்பர், பிளாஸ்டிக், பாலியூரித்தேன் என்று பல வகை. சில, லாடத்தின் வடிவத்திலேயே ஓரத்தை மட்டும் மூடும், அடிப்பாதம் திறந்தே இருக்கும். சில முழுப் பாதத்தையும் மூடும், உள்ளே மிச்ச இடைவெளியைச் சிலிக்கோன் மாதிரிப் பொருளால் நிரப்புவார்கள். அடிப்பாதம் மெல்லியதாக உள்ள குதிரைக்குக் கல் குத்தாமல் இருக்க இது உதவும். வழுக்காமல் இருப்பதற்குத் தனி ஏற்பாடுகள்: டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த ஆணி, இல்லாவிட்டால் முழுக்க ரப்பர் பூசிய லாடம். ஒரு நுணுக்கம் என்னவென்றால், பிடிப்பு அதிகமாகிவிட்டாலும் ஆபத்துதான். காலை ஊன்றும்போது குளம்பு ஒரு துளி வழுக்கித்தான் நிற்க வேண்டும். சட்டென்று பசை போட்டது போல நின்றால் அந்த வேகம் முழுவதையும் மூட்டு வாங்கும்.

இது புதுக் கவலையும் இல்லை. ரோமானியர்கள் குதிரைக் காலில் வாரால் கட்டும் இரும்புச் செருப்பு செய்தார்கள். ஜப்பானியர் வைக்கோலில் பின்னினார்கள். பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ சொல்வதைக் கேட்டால்தான் நமக்குக் கொஞ்சம் சங்கடம். அரசர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறாராம், ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு இருப்பதில்லையாம். காரணம், குதிரையைப் பார்த்துக்கொள்ளவும் லாடம் அடித்து வைத்தியம் செய்யவும் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. குதிரை விற்ற வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை அழைத்து வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை, செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! பயணிகளின் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கும், இருக்கட்டும். பொருளை விற்றுவிட்டுப் பராமரிப்பை மறைக்கும் வணிகம் 13ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

பிறகு ஐரோப்பா, அமெரிக்க நகரங்களில் தெருவெல்லாம் கல்லும் தாரும் மரக்கட்டையும் பதித்தபோது வண்டிக் குதிரைகள் வழுக்கி விழத் தொடங்கின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவற்றுக்கு ரப்பர் பேட் கடையில் விற்றது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் சிலாங்கூரில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பரவின, நம் பாட்டன் பாட்டிகள் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குதிரைக்கும் ரப்பர், மோட்டார் வண்டிக்கும் ரப்பர் என்று கொஞ்ச காலம் இரண்டும் ஒரே தெருவில் ஓடின. கடைசியில் டயர் ஜெயித்தது. இருட்டில் எழுந்து மரம் சீவியவர்களுக்கு அந்தப் பால் எந்தக் காலுக்குப் போகிறது என்று யார் சொல்லியிருப்பார்கள்? தோட்டத்துக் கோயிலில் மதுரை வீரன் ஏறியிருந்த சிமெண்டுக் குதிரைதான் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த குதிரை.

இப்போது நிஜக் குதிரை நம் வீட்டு விசேஷத்துக்கே வருகிறது. மாப்பிள்ளை குதிரையில் வருவது கிள்ளான் பக்கத்துக் கல்யாணங்களிலும் நடக்கிறது. சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்கு நான் அறிவிப்பாளராகப் போயிருந்தேன். மண்டபத்தின் முகப்பில் பளபளவென்று டைல்ஸ், அப்போதுதான் மழை விட்டிருந்தது. உருமி மேளம் உச்சத்தில். குதிரை முகப்பில் கால் வைத்ததும் பின்னங்கால் ஒன்று சறுக்கி அகன்றது. மாப்பிள்ளை பிடரியைக் கட்டிக்கொண்டார், கூட்டம் "ஓ" என்றது, அதையும் கைப்பேசியில் பிடித்தார்கள். குதிரையோடு வந்த அண்ணன் பதறவில்லை. மேளத்தை நிறுத்தச் சொன்னார், கழுத்தைத் தடவிப் பின்னால் நடத்தித் தாருக்குக் கொண்டுபோனார். "தம்பி, இதுக்கு மேல ஏத்த மாட்டேன். மாப்பிள்ளய இங்கயே இறக்கிக்குங்க" என்றார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "காசு கொடுத்திருக்கோம்ல" என்றார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் செய்ததுதான் சரி என்று எனக்கு அன்றும் பட்டது, இன்றும் படுகிறது.

பிறகு சாப்பாட்டுப் பந்தி நடந்தபோது அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "பேட் போட்டிருந்தா சறுக்கியிருக்காதாண்ணே?" என்று கேட்டேன். "தார்ல சறுக்காது. ஈர டைல்ஸ்ல நீங்களும் நானுமே சறுக்குவோம்" என்றார். அவர் குதிரைக்கு முழுப் பேட் போடுவதில்லையாம். காரணம் நம் மழை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பேட்டுக்கு அடியில் ஈரமும் சாணமும் தேங்கினால் தவளைப் பகுதி அழுகத் தொடங்கும். கறுத்து, கெட்ட வாடை வரும். மூடியிருப்பதால் வெளியே தெரியாது. உள்ளே கல் சிக்கியிருந்தாலும் சீழ் வைத்திருந்தாலும் குதிரை நொண்டிய பிறகுதான் தெரிய வரும். "மழைக்காலத்துல பிள்ளைக்கு ஈர ஷூவ மூணு நாள் கழட்டாம விட்டா எப்படி இருக்கும்?" என்றார். கல்யாணம் மாதிரி ஒரு மணி நேர வேலைக்கு அவருக்குப் பிடித்தது, வார் போட்டு மாட்டும் ரப்பர்க் காலணி. முடிந்ததும் கழற்றி, காலைத் துடைத்துவிடலாம்.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. பேட் என்பது குதிரைக்கு நாம் கொடுக்கும் சொகுசு அல்ல, தரையை நாம் கெடுத்ததற்குக் கட்டும் வட்டி. தினமும் தார்ச்சாலையில் வேலை செய்யும் குதிரைக்கு அது தேவை. ஆனால் மாதம் ஒரு முறை கழற்றிப் பார்க்க ஆள் இல்லாதவர் அதைப் போடாமல் இருப்பதே நல்லது. நொண்டலைத் தற்காலிகமாக மறைத்து வேலை வாங்கவும் மெத்தையைப் பயன்படுத்தலாம் என்பதும் உண்மை. வலி நிவாரணி விழுங்கிவிட்டு அலுவலகம் போகும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

தரை நன்றாக இருந்தால் இந்தக் கவலையே குறைவு என்பதற்குச் சுங்கை பீசியில் இருக்கும் சிலாங்கூர் டர்ஃப் கிளப்பைப் பார்த்தால் போதும். புல்லிலும் மணலிலும் ஓடும் பந்தயக் குதிரைக்குப் பெரும்பாலும் மெல்லிய அலுமினியத் தகடுதான். பாய்ச்சலில் ஒரு கணம் முழு உடலும் ஒற்றைக் காலில் இறங்கும், உடல் எடையின் இரண்டு மடங்குக்கு மேல் பாரம். அங்கே மெத்தை காலில் இல்லை, தரையில் இருக்கிறது. 1896இல் தொடங்கிய இந்தக் கிளப் முன்பு ஜாலான் அம்பாங்கில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில்தான் இங்கே வந்தது. பழைய பந்தயத் திடல் எங்கே என்கிறீர்களா? அதன் மேல்தான் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கிறது. அடுத்த முறை கேஎல்சிசி பேரங்காடியின் வழவழத் தரையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடினால், அங்கே ஒரு காலத்தில் குதிரை ஓடிய புல் இருந்தது என்று சொல்லுங்கள். கிளப் போன இடத்துச் சாலைக்கு ஜாலான் கூடா எமாஸ், அதாவது தங்கக் குதிரைச் சாலை என்று பெயர்.

வீட்டுக் கல்யாணத்துக்குக் குதிரை பேசுகிறவர்களுக்கு அந்த அண்ணன் சார்பில் சில வார்த்தைகள். வாடகை கேட்பதற்கு முன் மண்டபத்து முகப்பின் படத்தை அனுப்புங்கள். டைல்ஸ் என்றால் குதிரையை வாசல் தாரோடு நிறுத்துங்கள், அல்லது கனமான ரப்பர் விரிப்பு போடச் சொல்லுங்கள். சிவப்புக் கம்பளம் உதவாது, அது குதிரையின் காலோடு நகர்ந்து போகும். லாடம் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

செலவில்லாமல் குதிரையைப் பார்க்க நினைப்பவர்களுக்கு அரண்மனை வாசலே போதும். வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். முகத்தைப் படம் எடுத்து முடித்ததும், பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று பொறுமையாகப் பாருங்கள். குதிரை பின்னங்கால்களில் ஒன்றைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் ஊன்றி ஓய்வெடுக்கும். சில நிமிடங்களில் கால் மாற்றும். அந்த ஒரு நொடியில் குளம்பின் அடி தெரியும், லாடமும் அதன் ஆணியும் தெரியும். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுங்கள். பின்னால் மட்டும் போய் நிற்காதீர்கள்.