டர்போவைக் கழற்றும் முன்

பழைய டீசல் காரின் சைலன்சரிலிருந்து நீலப் புகை கிளம்பினால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் விழும் தீர்ப்பு பெரும்பாலும் "டர்போ போச்சு" என்பதுதான். அடுத்து வருவது விலை. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு அது ஒரு மாத வருமானம். சில சமயம் அதற்கும் மேல். அவ்வளவும் கொடுத்துப் புது டர்போ போட்ட வண்டி, சில வாரங்களில் மறுபடியும் புகை தள்ளிக்கொண்டு வந்து நிற்பதும் உண்டு. கோவையில் ஒரு டாக்சி ஓட்டுநருக்கு அப்படித்தான் ஆனது. "டர்போ மாத்தியும் புகை நிக்கலீங்க" என்று வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுவந்தார்.

இது அவர் ஒருவரின் கவலை அல்ல. 2007இல் வந்த ஸ்விஃப்ட் டீசலில் ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின் இருந்தது. அதே இன்ஜின் டாடா, ஃபியட் கார்களிலும் ஓடியது. நல்ல உழைப்பாளி இன்ஜின். டாக்சிக்காரர்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, அந்த வண்டிகள் எல்லாம் இன்று வயதானவை. பல இரண்டாம் கை, மூன்றாம் கை தாண்டியவை. வாங்கியவரின் கையிருப்பும் பெரும்பாலும் சிறியது. அவரிடம் தவறான பாகத்துக்குப் பணம் வாங்குவது சாதாரணப் பிழை அல்ல.

புகையின் நிறத்தைப் பார்ப்பது முதல் வேலை. கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை: காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் கூடுதலாக ஊற்றுகிறது, அல்லது டர்போவிலிருந்து வரும் ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது. வெள்ளை என்றால் கூலன்ட் ஆவியாகிறது, இல்லையெனில் குளிர்ந்த இன்ஜினில் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலம்தான் இன்ஜின் ஆயில். அது எப்போது வருகிறது என்பதும் முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். மேட்டில் இழுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். சிக்னலில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது குபுகுபுவென்று வந்தால் டர்போ பக்கம் கண் போகவேண்டும். அப்போதும் டர்போவின் பக்கம் என்றுதான் சொல்லலாம். டர்போவே என்று சொல்லிவிட முடியாது.

ஏன் என்பது டர்போவின் உள்ளமைப்பில் இருக்கிறது. வெளியேறும் புகையின் வேகம் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும்; சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் எட்டும். அந்த வேகத்தில் அது உலோகத்தின் மீது உரசுவதில்லை, மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. அந்த ஆயில் வெளியே கசியாமல் தடுக்க ரப்பர் சீல் எதுவும் அங்கே கிடையாது; அந்தச் சூட்டில் ரப்பர் நிற்காது. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள்தான் இருக்கின்றன. உண்மையில் ஆயிலைத் தடுத்து வைப்பது இரு பக்கத்திலிருந்தும் வரும் அழுத்தமும், வந்த ஆயில் உடனே கீழே இறங்கிவிடுவதும்.

இறங்குவது என்ற அந்த ஒரு விஷயத்தில்தான் பாதிக் கதை அடங்கியிருக்கிறது. ஆயில் பம்பின் அழுத்தத்தில் மெல்லிய குழாய் வழியே மேலே வருகிறது. வேலை முடிந்து நுரைத்த ஆயில் எந்த அழுத்தமும் இல்லாமல், தன் எடையால் மட்டும் இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் சேம்பருக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் திரும்பும் குழாய் தடிமனாக இருக்கிறது. தூம்பு அடைத்த முற்றத்தில் மழைநீர் திண்ணையேறுவதுபோல, இந்தக் குழாயில் தடை வந்தால் ஆயில் டர்போவுக்குள் ஏறி, வளையங்களைத் தாண்டி இரு பக்கமும் ஒழுகும். டர்போ நன்றாகத்தான் இருக்கும். புகை மட்டும் வரும்.

அந்தக் கோவை வண்டியில் நடந்தது இதுதான். முன்பு டர்போ மாற்றியபோது திரும்பு குழாயின் கேஸ்கெட்டில் சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். இறுக்கும்போது பசை உள்ளே பிதுங்கிப் பாதி வழியை அடைத்துவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு பைசா பாகச் செலவில்லை.

இதே தடையை வேறு வழிகளும் உண்டாக்கும். கேஜின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றினாலும் வரும். சேம்பரின் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்தாலோ, ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே கசிந்து பேக் கம்ப்ரஷன் அடித்தாலோ சேம்பருக்குள் அழுத்தம் ஏறி ஆயிலை இறங்கவிடாது. தூசி அடைத்த ஏர் ஃபில்டரின் வேலை வேறு மாதிரி: கம்ப்ரஸர் பக்கம் காற்றுக்குத் தவித்து ஆயிலையே உறிஞ்சும்.

எனவே நல்ல மெக்கானிக் செலவில்லாததிலிருந்து தொடங்குவார். ஆயில் அளவு, ஏர் ஃபில்டர், பிரீதர். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று பார்ப்பது. பிறகு திரும்பு குழாயைக் கழற்றுவது. கடைசியில்தான் டர்போவின் தண்டில் விரல் வைப்பார். பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு, ஏனெனில் இன்ஜின் நின்றபின் படலம் இல்லை. உள்ளும் புறமுமாக ஆடினால், அல்லது இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தால், மாற்றத்தான் வேண்டும். காற்று ஹோஸில் லேசான ஆயில் ஈரம் இருப்பதைக் காட்டி டர்போவைப் பழிப்பவர்கள் உண்டு. பிரீதர் ஆவி அங்கேதான் வந்து சேர்கிறது. அந்த ஈரம் மட்டும் எதையும் நிரூபிக்காது.

டர்போ உண்மையிலேயே போயிருந்தாலும், ஏன் போனது என்று தெரியாமல் புதியதைப் பொருத்தக் கூடாது. பல சமயம் ஆயில் வரும் மெல்லிய குழாய் கரி பிடித்துச் சுருங்கியிருக்கும். விக்கிரவாண்டி மோட்டலுக்குள் நெடுஞ்சாலை வேகத்திலிருந்து திரும்பி, நிறுத்திய மறுகணம் சாவியைத் திருப்பினால், கொதிக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கரியாகிறது. ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். டர்போவின் ஆயுளை அதைக் கவனிப்பவர் கைதான் தீர்மானிக்கிறது என்பது 1960களிலேயே தெரிந்தது. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போ காருக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியே ஊற்றிவர வேண்டியிருந்தது. பலர் ஊற்றவில்லை. கடைசியில் நிறுவனமே டர்போவை எடுத்துவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்திக் கொடுத்தது.

டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மறப்பது இன்னொரு பெரிய குறை. ஒழுகிய ஆயில் அங்கே தேங்குகிறது. கழுவாமல் விட்டால் சரிசெய்த வண்டியும் புகைக்கும். அதைவிட, டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பிரேக்கை முழுதாக அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு கிளட்சை விட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். காற்று வரும் வாயில் கையை வைத்து அடைக்கவே கூடாது.

இன்டர்கூலரைக் கழுவிய பிறகும் சைலன்சருக்குள் ஒட்டிய ஆயில் எரிந்து தீரச் சில கிலோமீட்டர் ஆகும். அதற்குப் பின்னும் நீலம் நிற்காமல், கேஜில் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணையும் எழுதி வாங்க வேண்டும். ஹெட்டை மட்டும் இறக்கினால் போதுமா, முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டுமா என்பதை அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பேசலாம்.