72-ல் 29: மாதவரத்திலிருந்து மணலிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

மாதவரம் என்றால் பழைய ஆட்களுக்குப் பால் பண்ணை. 2018-க்குப் பிறகு வந்தவர்களுக்கு ஆந்திரா பஸ் ஏறும் பஸ் ஸ்டாண்டு. இங்கேயே குடியிருக்கும் எங்களுக்கோ கன்டெய்னர் லாரிதான் எல்லாம். மாடியில் வயலின் வகுப்பு நடக்கும்போது லாரிக்காரர் ஹார்ன் அடித்தால், "மிஸ், அது என்ன ஸ்வரம்?" என்று கேட்டு என் மானத்தை வாங்க நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தி பத்தாம் வகுப்பு. நாலு வருஷமாக வருகிறாள், நல்ல கை. போன மாதம் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "இந்த 72 மேளகர்த்தா எல்லாம் எதுக்கு மிஸ்? எனக்கு வாசிக்கத்தானே வேணும்? நின்னுக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

சட்டென்று பதில் வரவில்லை. நானும் அவள் வயதில் அந்த அட்டவணையை நெட்டுரு போட்டு, பரீட்சை எழுதி, மறுநாளே மறந்தவள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் மணலிக்கு பஸ் ஏற்றினேன்.

"மணலிக்கா? அங்க என்ன இருக்கு மிஸ்?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. 1960-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்ததிலிருந்து மணலி என்றாலே புகைபோக்கியும் டேங்கர் லாரியும்தான். இறங்கியதும் டீக்கடையில் முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றி விசாரித்தேன். "எந்தத் தெரு, என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார்கள். டீ நன்றாக இருந்தது.

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர் இந்த ஊரில் வளர்ந்தார் என்பதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் அவளுக்குச் சொன்னேன். கிழக்கிந்திய கம்பெனியில் துபாஷியாக இருந்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். வெள்ளைக்காரருக்கும் ஊராருக்கும் நடுவே பேசிக் காரியம் முடிப்பவர் துபாஷி. அவர் திருவாரூர் ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்து ஆதரித்தார். ஹம்ஸத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அந்த ராமசுவாமி தீட்சிதர். 1775-ல் பிறந்த அவர் மகன் முத்துசுவாமி அப்போது சின்னப் பையன்.

ராமசுவாமி தீட்சிதர் பாடம் கேட்டது வேங்கடமகியின் வம்சத்தில் வந்தவரிடம். வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் காலத்தில், 'சதுர்தண்டி பிரகாசிகை' எழுதியவர். இவள் அலுத்துக்கொண்ட 72 அவர் போட்ட கணக்குதான். ரி-க சேருவதற்கு 6 வழி, த-நி சேருவதற்கு 6 வழி, மத்திமம் 2. ஆறாறு முப்பத்தாறு, இரண்டால் பெருக்கினால் 72. வேடிக்கை என்னவென்றால், அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்த மேளங்கள் 19-தான். மீதி எல்லாம் காலி.

"எங்க ஏரியா லேஅவுட் மாதிரியா? வீடே கட்டல, பிளாட் நம்பர் மட்டும் போட்டு வெச்சிருப்பாங்களே?" என்றாள். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் காலி மனைகளில் பின்னால் வந்தவர்கள் வீடு கட்டினார்கள். முத்துசுவாமி தீட்சிதர் அந்த வழிமுறையை விடாமல் பிடித்துக்கொண்டு, யாரும் அதிகம் பாடாத ராகங்களிலும் கிருதிகள் செய்தார். நாம் முதல் மேளத்தைக் கனகாங்கி என்கிறோம். அவர் வழியில் அது கனகாம்பரி. பெயர் மட்டுமல்ல, ஸ்வரம் ஏறி இறங்கும் பாதையும் மாறும். இந்த இடத்தில் அவள் கொட்டாவி விட்டாள், நான் கதையைக் கோட்டைக்குத் திருப்பினேன்.

மணலிக்காரர்கள் தீட்சிதர் குடும்பத்துப் பையன்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் கம்பெனி பேண்டு கேட்க வைத்தார்கள். தம்பி பாலுசுவாமிக்கு வெள்ளைக்காரர் ஒருவரிடம் வயலின் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அவர் அந்தப் பெட்டியில் நம் ராகங்களை வாசித்துப் பார்த்தார். கர்நாடக சங்கீதத்துக்கு வயலின் வந்த கதையைச் சொல்பவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். ஐரோப்பியர் நான்கு தந்திக்கும் நான்கு வெவ்வேறு ஸ்வரம் வைத்து, தோளில் தாங்கி வாசிப்பார்கள். நாம் ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து, தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கால்மேல் சாய்த்துக்கொள்கிறோம், விரலை இழுத்து கமகம் போட வசதியாக. "அப்ப என் வயலின் இந்தப் பக்கமா வந்ததா மிஸ்?" என்று ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் டேங்கர் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் செய்தது இன்னொரு காரியம். காதில் விழுந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டு ஸ்வர சாகித்யங்கள் என்று சுமார் 40 இன்று கிடைக்கின்றன. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டுகூட அவற்றில் உண்டு. அந்த மெட்டுகளின் ஸ்வரங்கள் நம் 29-ஆம் மேளமான சங்கராபரணத்தில் உட்காரும். கையில் கணக்கு இருந்தவருக்கு, அந்நியமாக ஒலித்ததை எங்கே வைப்பது என்று தெரிந்தது. ஆனால் அதை சங்கராபரண ராகமாக அவர் இழைக்கவில்லை. கமகம் இல்லாமல், பேண்டு நடையிலேயே விட்டார். ஸ்வரங்கள் ஒன்றுதான், ராகம் வேறு. பரீட்சைக்குப் படித்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதில் இன்னமும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

மணலியிலிருந்து திருவொற்றியூர் பக்கம்தான். வடிவுடையம்மன் கோயிலில் கூட்டம். தியாகராஜர் சீடர் வீணை குப்பய்யர் வாழ்ந்த ஊர் இது. குருநாதரும் வந்து அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அம்மா அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போய்விட்டதால் சங்கீத சரித்திரத்துக்கு அங்கே இடைவேளை.

கோயிலை விட்டுக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் வடக்கே எண்ணூர். அதைப் பார்த்ததும் அவளே போனை எடுத்து, 2017-ல் வந்த புறம்போக்குப் பாடலைத் தேடினாள். டி.எம்.கிருஷ்ணா பாடியது, கேபர் வாசுகி எழுதியது. சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியிருப்பார். "இந்த வார்த்தையை வீட்ல சொன்னா அடி விழும் மிஸ்" என்றாள். அம்மா முறைத்தார்.

வரி விதிக்காமல் ஊர்ப் பொதுவுக்கு என்று விட்ட நிலம்தான் புறம்போக்கு. ஏரி, மேய்ச்சல் தரை, கழிமுகம் எல்லாம் அதில் வரும். அது வசவாக மாறிப்போன சரித்திரம் தெரிந்ததால்தான் அந்தப் பாட்டு நிற்கிறது. கச்சேரி மேடை ராகங்களை மாலையாகக் கோத்து, சாம்பலுக்கு நடுவில் வைத்தார்கள். மூன்று பேரும் ஒரே போனில் இரண்டு முறை கேட்டோம். லாரிச் சத்தத்தில் பாதி விழவில்லை.

அடுத்த வகுப்புக்கு வந்தாள். பேண்டு மெட்டு ஒன்றை நேராக வாசிக்கச் சொன்னேன், வாசித்தாள். அதே ஸ்வரங்களில் சங்கராபரணம் என்றேன். மத்திமத்தில் விரலை வைத்தவள் நிறுத்தி, "ஆட்டினா அது மணலி ஆயிடுது, ஆட்டாம விட்டா கோட்டை ஆயிடுது மிஸ்" என்றாள். திரும்பத் திரும்ப அந்த ஒரு 'ம'விலேயே முக்கால் மணி நேரம் போனது.

நின்றுவிடுவதைப் பற்றிக் கேட்டேன். பப்ளிக் எக்ஸாம் முடியட்டும், சொல்கிறேன் என்றிருக்கிறாள்.