கல்வராயனுக்கு ஒரு குச்சி

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ஆறு பேருடன் மேலே போய், 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டிக்கொண்டு பதினோரு நாள் பூமியைச் சுற்றியது. வேலை, ரேடாரால் மேடு பள்ளங்களை அளப்பது. அளந்ததில் நம் கல்வராயன் மலையும் உண்டு. கோமுகி அணைக்குப் பின்னால் மலை எங்கே நிமிர்கிறது, வெள்ளிமலைப் பக்கம் எங்கே கொஞ்சம் சமமாகப் படுக்கிறது எல்லாம் எண்களாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். விமான சிமுலேட்டர் எழுதுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே கள்ளக்குறிச்சியில் ஒரு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து, தன் ஊர் மலைக்கு மேல் தானே செஸ்னா ஓட்டலாம். ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் முழுக்க இலவசம். மைக்ரோசாஃப்டின் 2020 பதிப்பு காசு. அது நிஜப் படங்களை இன்டர்நெட்டிலிருந்து இழுத்துக்கொண்டே ஓடும், நல்ல லைன் வேண்டும்.

மலை ரெடி, விமானம் ரெடி. கையில் எதைப் பிடிப்பது?

கீபோர்டு வேண்டாம். ஸ்டியரிங்குக்குப் பதில் இரண்டு சுவிட்ச் வைத்து பஸ் ஓட்டுகிற மாதிரி இருக்கும். வீட்டில் வீடியோ கேம் கன்ட்ரோலர் இருந்தால் ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் அதில் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிற குமிழ் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் விமானத்தின் மொத்தக் குட்டிக்கரணமும் அடங்கவேண்டும். தரை இறங்கும்போது மூக்கை நூலளவு தூக்கவேண்டியிருக்க, விரல் கயிறளவு தூக்கிவிடும். ஜாய்ஸ்டிக்கில் குச்சி நீளம், நகரும் தூரம் அதிகம், எனவே நிதானம் அதிகம். நெம்புகோல் பாடம்தான்.

குச்சி வாங்கும்போது பத்திருபது பட்டன்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஏவுகணை விட பட்டன் வேண்டும், செஸ்னா ஓட்ட நாலைந்து போதும். பார்க்கவேண்டியது உள்ளே என்ன இருக்கிறது என்பதை. விலை குறைந்த குச்சிகளில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் நினைவிருக்கிறதா? சில வருஷங்களில் திருகினால் கரகரக்கும். அதே சமாசாரம்தான். கரித்தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கிறது. தேயும், தூசு சேரும். ரேடியோ கரகரத்தால் காது சுளிக்கும், குச்சி கரகரத்தால் விமானம் துள்ளும்.

இதற்கு மாற்று ஹால் சென்சார். எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர் 1879ல் கண்டுபிடித்த விளைவு. மின்சாரம் ஓடும் தகட்டின் அருகில் காந்தம் வந்தால் குறுக்கே ஒரு சிறு வோல்டேஜ் பிறக்கும். காந்தம் நகர்ந்தால் வோல்டேஜ் மாறும். எதுவும் எதையும் தொடவில்லை, எனவே தேய்மானம் இல்லை. த்ரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம் என்ற மாடலில் இது இருக்கிறது. ஆனால் முன்-பின், இட-வல அசைவுகளுக்கு மட்டும்தான். முறுக்குவதற்கும் த்ராட்டிலுக்கும் அதிலும் பழைய கரித்தடம்தான். பெட்டியின் மேல் இதைக் கொட்டை எழுத்தில் போடமாட்டார்கள். இன்னொரு சௌகரியம், அதை இடது கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஏர்பஸ்ஸில் கேப்டன் இடது கையால்தான் குச்சி பிடிக்கிறார்.

முறுக்குகிற குச்சி அவசியமா? அவசியம். வால் பகுதியில் இருக்கும் ரட்டரைக் காலால் மிதிப்பதுதான் நிஜம். பெடல் தனியாக வாங்கினால் குச்சியைவிட விலை கூடும். மணிக்கட்டால் குச்சியை முறுக்கினால் அந்த வேலை நடக்கும். த்ராட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன நெம்பும் இருக்கட்டும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்க் கைகள் கடைந்த மரப் பிடி, உள்ளே ஹால் சென்சார். யாராவது செய்தால் முதல் குச்சி எனக்கு.

அந்த ஊரிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர். "சார், பையன் பிளஸ் ஒன். பைலட் ஆவணும்ங்கிறான். இப்ப அஞ்சாயிரத்துக்கு ஒரு குச்சி கேக்கறான். இது படிப்புச் செலவா, வெளையாட்டுச் செலவா? அவங்கம்மா நெலத்தை வித்தாவது படிக்க வைக்கலாம்ங்கிறா."

நிலம் என்றதும் பேச்சு சீரியஸாகிவிட்டது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் நிஜமாகப் பறக்கவேண்டும். பல லட்சம் ஆகும். வீட்டுக் குச்சியில் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் அந்தக் கணக்கில் ஒரு நிமிஷம் சேராது. "நிலத்தைத் தொடறதுக்கு முன்னாடி டிஜிசிஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட கிளாஸ் டூ மெடிக்கல் பண்ணிடுங்க. கண்ணு, கலர் பார்வை, காது. அதுல தேறலைன்னா நிலமாவது மிஞ்சும்" என்றேன்.

"அப்ப குச்சி?"

வாங்கிக் கொடுங்கள் என்றேன், ஆனால் நல்லதாக. துள்ளுகிற குச்சி பையனிடம் பொய் சொல்லும். குறை கருவியில் இருக்க, தன் கைதான் சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவான். ஆறு மாதம் பாருங்கள். ஜெட்டைக் கட்டடத்தில் மோதிச் சிரிக்கிறானா, அல்லது ஒரே ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அலுக்காமல் இறங்கிப் பழகுகிறானா? இரண்டாவது என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

சிமுலேட்டரைக் கேலி பேசவேண்டாம். எட்வின் லிங்க் என்பவர் 1929ல் தன் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் துருத்திகளைப் பொருத்தி ஒரு பொம்மை விமானப் பெட்டி செய்தார். ஏதோ திருவிழா ராட்டினம் என்றே பலர் நினைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அதில்தான் பழகினார்கள்.

ஒரு எச்சரிக்கை. நிஜ விமானத்தில் வேகம் கூடக் கூட கன்ட்ரோல் கனக்கும், மெதுவானால் தொளதொளக்கும். வீட்டுக் குச்சியில் இருப்பது வெறும் ஸ்பிரிங், எந்த வேகத்திலும் ஒரே கனம். அந்த உணர்ச்சியை இது கற்றுத்தராது. திசை, உயரம், வேகம் மூன்றையும் ஒரே சமயத்தில் மண்டையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கற்றுத்தரும்.

செகண்ட் ஹாண்டில் வாங்குவதென்றால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அளவு காட்டும் சிறு திரை வரும். குச்சியைத் தொடாமல் பாருங்கள். நடுவில் இருக்கும் கூட்டல் குறி நடுங்கினால் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதல் பயணத்துக்குப் புதுச்சேரி விமான நிலையத்திலிருந்து மேற்கே திரும்புங்கள். இடது பக்கம் எட்டிப் பார்த்தால் உளுந்தூர்பேட்டை, இரண்டாம் உலக யுத்தத்து ஓடுதளம் இருக்கிற ஊர். செஸ்னாவில் அரை மணியில் கள்ளக்குறிச்சி. எதிரே இரண்டாயிரம், மூவாயிரம் அடியில் மலை நிற்கும். செஸ்னா நிமிஷத்துக்கு எழுநூறு அடி ஏறினால் பெரிசு. கச்சிராயபாளையம் வருவதற்கு முன்பே ஏற ஆரம்பித்துவிடுங்கள்.