உதவிக் கடிதத்தில் ஒளிந்திருக்கும் கடன்

இலங்கையில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி வெளியானதும் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அரச பல்கலைக்கழகமாயின் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ அனுமதி கிடைத்த பின்னர்தான் உண்மையான சிக்கல் ஆரம்பமாகிறது. மெக்சிக்கோ, எல் சல்வடோர், குவாத்தமாலா முதலிய நாடுகளிலிருந்து சென்று குடியேறிய லத்தீனோ குடும்பங்களை அது சற்று அதிகமாகவே அழுத்துகிறது. அவர்களது பிள்ளைகளில் பலர் தமது குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். வழிகாட்ட வீட்டில் ஆளில்லை.

2025 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில், ஆசிரியையாகப் பணிபுரியும் என் பெறாமகளுடன் பெற்றோருக்கான ஆலோசனை அமர்வொன்றுக்குச் சென்றிருந்தேன். கூரை வேலை செய்யும் தந்தை ஒருவர், மகளுக்கு ஒரு தனியார் கல்லூரி அனுப்பிய நிதியுதவிக் கடிதத்தோடு வந்திருந்தார். 'உதவி' என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரிகள். கூட்டிக் கழித்தால் குடும்பம் கட்ட வேண்டியது ஏறத்தாழப் பூச்சியம். மனிதர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. பெறாமகள் பேனாவை எடுத்து இரண்டு வரிகளைச் சுற்றி வட்டமிட்டாள். ஒன்று மாணவி பெறும் கடன். மற்றையது பெற்றோர் பெயரில் எழுதப்படும் 'பேரன்ட் பிளஸ்' கடன். தந்தை ஸ்பானிய மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். "இதை நான் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று கேட்கிறார், சித்தப்பா" என்றாள் அவள்.

இது ஏதோவொரு கல்லூரியின் தனிக் குறும்பல்ல. 91 சதவீதமான கல்லூரிகள் தேறிய செலவைக் கடிதத்தில் குறிப்பிடுவதில்லை அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று கூட்டாட்சி அரசின் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2022 இல் மதிப்பிட்டிருந்தது. கடனை உதவி என்று அழைப்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். பேரன்ட் பிளஸ் கடனுக்கு நெடுங்காலம் உச்சவரம்பே இருக்கவில்லை. 2026 ஜூலை முதல் புதிதாகப் பெறுவோருக்கு ஆண்டுக்கு 20,000 டொலர், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டொலர் என்ற வரம்பை 2025 இல் இயற்றப்பட்ட சட்டம் கொண்டுவந்தது.

மறுபுறம், அச்சிட்ட கட்டணத்தைப் பார்த்து அஞ்சி விண்ணப்பிக்காமலே விடுவோரும் உளர். 2025 - 26 கல்வியாண்டில் கலிபோர்னியா அரச பல்கலைக்கழகத் தொகுதியின் அடிப்படைக் கட்டணம் 6,450 டொலர். திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பெல் மானியத்தின் உச்சத்தொகையோ 7,395 டொலர். வீட்டிலிருந்து சென்றுவரும் ஏழைப் பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கே போதும். டெக்சாஸ் பல்கலைக்கழகத் தொகுதி, ஆண்டு வருமானம் 100,000 டொலருக்கு மேற்படாத மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2025 இலையுதிர் காலம் முதல் கற்கைக் கட்டணத்தை நீக்கியது. ஒவ்வொரு கல்லூரியும் தேறிய செலவுக் கணிப்பானைத் தன் இணையத்தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். கல்லூரி பெரிது, சிறிது என்று பாராமல் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான்.

தாயோ தந்தையோ ஆவணமற்றவராக இருக்கும் வீடுகளில் வேறொரு அச்சம். அங்கு பிறந்த பிள்ளை பெல் மானியத்துக்கு உரித்துடையது. ஆயினும் பெற்றோரின் விபரங்களை அரசிடம் எழுதிக் கொடுக்கக் கை நடுங்குகிறது. கலிபோர்னியாவில் 2024 - 25 முதல் மாநிலத்தின் தனி விண்ணப்பத்தை இப்பிள்ளைகளும் பயன்படுத்தலாம். ஆனால் அதன்மூலம் மாநில உதவி மட்டுமே கிட்டும்.

ஆதரவு என்பதும் பெயர்ப்பலகையில் இல்லை. இளமாணி மாணவரில் குறைந்தது 25 சதவீதத்தினர் ஹிஸ்பானிக் இனத்தவராயின் 'ஹிஸ்பானிக் சேவை நிறுவனம்' என்ற தகுதி கிடைக்கும். அது தலைகளை எண்ணுகிறதே தவிர அக்கறையை அல்ல. அதற்கான கூட்டாட்சி மானியங்களைக் கல்வித் திணைக்களம் 2025 செப்டெம்பரில் நிறுத்தவும் செய்தது. நுழைந்த லத்தீனோ மாணவரில் எத்தனை பேர் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றனர் என்று கேட்பதே உத்தமம். 1981 இல் ஹேவர்டிலுள்ள ஷபோட் கல்லூரியில் தொடங்கிய 'புவென்ரே' திட்டம் ஒரு நல்ல அளவுகோல். ஆங்கில ஆசிரியர், ஆலோசகர், சமூகத்திலிருந்து ஒரு வழிகாட்டி ஆகிய மூவரும் சேர்ந்து பிள்ளையைக் கவனிக்கின்றனர். ஸ்பானிய மொழியில் புவென்ரே என்றால் பாலம்.

வருமானம் குறைந்த குடும்பம், தொகையை மீளாய்வு செய்யுமாறு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். இதை அறிந்தோர் அந்த மண்டபத்தில் மிகச் சிலரே. பெரும்பாலான கல்லூரிகள் முடிவைக் கேட்பது மே 1 ஆம் திகதி; கடிதம் அதற்கு முன்னர் போய்ச்சேர வேண்டும்.